வேப்பிலைக்கு வைக்கும் தீ: எங்கள் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சித் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தாமிரபரணிக் கால்வாய் பாயும் இந்த ஊரில் முப்பத்தொரு ஆண்டுகள் தபால் கொண்டுபோனவன் நான். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்தத் தெருவில் குப்பை எரியும் என்பதெல்லாம் மனப்பாடம். உங்களுக்கும் தெரிந்ததுதான். எனவே சென்ற செவ்வாய்க்கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

காலை ஆறு மணி. எங்கள் தெருமுனை வேம்பு மாசி பிறந்ததிலிருந்து இலையாகக் கொட்டிக்கொண்டிருக்கிறது. தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் அதைக் கூட்டிக் குவித்து, கூடக் கிடந்த பால் பாக்கெட், டீக்கடைக் கப், ஒற்றை ரப்பர் செருப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீ வைத்தார். விடியற்காலையில் காற்று அசையவில்லை. புகை மேலெழும்பாமல் தெருவிலேயே படுத்துக் கிடந்தது. உள்ளே என் மனைவிக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஜன்னல் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்தேன். நெபுலைசரை மாட்டினேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போய்விட்டது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்தபடி, பேச முடியாமல், ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். இந்த மாதத்தில் இது ஐந்தாவது முறையாம். 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்விடும் என்றார் டாக்டர். ஈரத்துண்டு எந்த மூலைக்கு?

திரும்பி வந்து அந்த அம்மாவிடம் கேட்டேன். இலையை அள்ள வண்டி வருவதில்லை, குவியலை அப்படியே விட்டால் மேஸ்திரி திட்டுகிறார் என்று இருமிக்கொண்டே சொன்னார். கையில் உறை இல்லை. முந்தானையில் தீப்பெட்டி முடிந்திருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. இந்த மடலைக் காட்டி அவருடைய ஒருநாள் கூலியைப் பிடித்துவிடாதீர்கள்.

தெருவில் கூட்டிய மர இலைகளை எரிக்காமல் தனியே சேர்த்து ஒப்படைக்கும்படி பணியாளர்களுக்கு அறிவுறுத்தும் பொறுப்பை, 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளிடம்தான் கொடுத்தன. அதே ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. நகராட்சியே கொளுத்தினால் யாருக்கு யார் ரசீது போடுவது? இந்தப் புகையைப் பற்றி முன்பு நான் உங்களுக்குக் கொடுத்த மனுவுக்கு வந்த பதிலில் ‘நடவடிக்கை எடுக்கப்பட்டு மனு முடித்துவைக்கப்பட்டது’ என்றிருந்தது. அந்த உறை வந்த அன்றும் தெருவில் புகைதான். இத்தனை ஆண்டு வேலையில் இவ்வளவு வெறும் உறையை நான் யார் வீட்டிலும் கொடுத்ததில்லை.

கேட்பது ஒன்றுதான்: இலையைக் கொளுத்துவதை நிறுத்துங்கள். கோடி ரூபாய்த் திட்டமெல்லாம் வேண்டாம். மாசி, பங்குனிக்கு மட்டும் வார்டுக்கு ஒரு தள்ளுவண்டி, நாலு சாக்கு, பூங்கா மூலையில் இலையை மக்கவைக்க ஒரு குழி போதும். என் அப்பா காலத்தில் கார் பருவ நெல் நடவுக்கு முன் கொழுஞ்சிச் செடியையும் வேப்பந்தழையையும் வண்டி வண்டியாகக் கொண்டுவந்து வயலில் உரமாக மிதித்தார்கள். அன்று நெல்லைச் சீமையில் தழைக்கு விலை இருந்தது.

ஆனால் பஸ் நிலையத்தில் ‘ஐ லவ்’ என்று ஊர்ப் பெயரோடு மின்னும் பலகை வைக்க மட்டும் பணம் இருக்கிறது. குழாய்க்குத் தோண்டி மூடாமல் விட்ட சாலையில், தார்ப்பாய் போடாத எம்-சாண்ட் லாரி போகும்போது அந்தப் பலகையே கண்ணுக்குத் தெரிவதில்லை. யாரை நேசிக்கிறோம் என்று தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்! பொறுத்துக்கொள்ளுங்கள், இலையைப் பற்றி எழுத வந்து எங்கோ போய்விட்டேன்.

அடுத்த மன்றக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவந்து, அந்த அம்மாவிடமிருந்து தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு தள்ளுவண்டியும் கையுறையும் கொடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சற்று விரைந்து செய்தால் நல்லது. வேம்பில் இன்னும் பாதி இலை மிச்சமிருக்கிறது.

இப்படிக்கு,
தெருமுனை வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரன்