கூடைப்பந்து நடுவர் தேர்வுக்குக் கேள்வி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அனைவருக்கும் வணக்கம்.

நடுவர் தேர்வுகளுக்கு வினாத்தாள் அமைப்பவர்களில் பலர் எனக்கு மூத்தவர்கள். எங்கே நிற்க வேண்டும், எப்போது விசிலை வாயிலிருந்து எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். சில ஆண்டுகளாக எங்கள் மாவட்டத்தில் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு விதிப் புத்தகம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்கள் எழுதிவிட்டு வந்து சொல்லும் கேள்விகளைக் கேட்டு மனம் பொறுக்காமல்தான் இந்த மடல். எந்தத் தேர்வு, எந்த ஆண்டு என்பதெல்லாம் வேண்டாம். கேள்விகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

முதலில் இந்தக் கேள்வி: 'ஓர் ஆட்டக்காரர் தம் அணி காக்கும் கூடையிலேயே பந்தைப் போட்டுவிட்டால் எதிரணிக்கு 2 புள்ளிகள். சரியா, தவறா?'

உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதிப் புத்தகத்தில் 16ஆவது விதியைப் புரட்டினால் இதற்குப் பதில் தெளிவாக இருக்கிறது. தவறுதலாகப் போட்டால் 2 புள்ளிகள். களத்தில் இருக்கும் எதிரணிக் கேப்டன் போட்டதாக ஸ்கோர் ஷீட்டில் ஏறும். வேண்டுமென்றே போட்டால் அது மீறல், கூடை செல்லாது. ஆக, பதில் முழுக்க 'தவறுதலாகவா, வேண்டுமென்றா' என்பதில்தான் இருக்கிறது. கேள்வியில் அந்தச் சொல்லையே காணோம். 'போட்டுவிட்டால்' என்பதில் ஒரு தவறுதல் தொனிக்கிறது என்று ஒருவர் 'சரி' போடுகிறார். அப்படிச் சொல்லவில்லையே என்று இன்னொருவர் 'தவறு' போடுகிறார். இரண்டு பேருக்கும் விதி தெரியும். ஒருவருக்குத்தான் மதிப்பெண்.

இன்னொன்று: 'கோட்டை மிதிப்பது மீறல்.' எந்தக் கோடு? கூடைப்பந்தில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு கணக்கு. எல்லைக்கோடு ஆடுகளத்தைச் சேர்ந்ததல்ல, எனவே பந்தைத் தரையில் தட்டியபடி டிரிபிள் செய்துகொண்டு வருபவர் அதை மிதித்தால் பந்து வெளியே. ஆனால் த்ரோ-இன் போடுபவர், அதாவது வெளியே நின்று பந்தைக் களத்துக்குள் எறிபவர், அதே கோட்டை மிதித்துக்கொண்டு நின்றால் ஒன்றும் இல்லை. கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் கால் வைத்தால்தான் மீறல். நடுக்கோடு பேக் கோர்ட்டை, அதாவது ஓர் அணி காக்கும் பாதியைச் சேர்ந்தது. மூன்று புள்ளிக் கோடு மூன்று புள்ளிப் பகுதியில் சேராது, அதை மிதித்தபடி எறிந்தால் 2 புள்ளிதான். கூடைக்கு முன்னாலுள்ள பெயின்ட் பகுதியைச் சுற்றியுள்ள கோடுகளோ பெயின்ட்டோடு சேர்ந்தவை, அவற்றை மிதித்து நின்றாலும், தாக்கும் அணியினர் அங்கே 3 நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்ற கணக்கு ஓடும். இவ்வளவையும் படித்து வைத்திருக்கும் பிள்ளை அந்த ஒற்றை வரிக்கு என்ன பதில் எழுதும்?

இதில் என்னை மிகவும் வருத்துவது வேறு. இப்படிப்பட்ட கேள்விகள் சரியாகப் படிக்காதவரை ஒன்றும் செய்வதில்லை. ஆழ்ந்து படித்தவரைத்தான் கவிழ்க்கின்றன.

எங்களிடம் படித்த ஓர் உடற்கல்வி ஆசிரியை தேர்வு முடிந்த கையோடு என்னைப் பார்க்க வந்தார். கையில் ஸ்பைரல் போட்ட விதிப் புத்தகம். பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிப்பு. ஃபிபா தனியாக வெளியிடும் விளக்கத் தொகுப்பில் எந்தச் சூழல் எந்த விதியோடு போகிறது என்று ஒவ்வொரு விதிக்குப் பக்கத்திலும் எண் போட்டு வைத்திருப்பார். 41ஆவது விதியைத் திறந்து வைத்துக்கொண்டு, 'சார், நான் எழுதினது தப்பா?' என்று கேட்டார். கேள்வி இதுதான்: 'ஒரு குவார்ட்டரில் அணி 4 ஃபவுல் செய்த பிறகு வரும் ஒவ்வொரு ஃபவுலுக்கும் 2 ஃப்ரீ த்ரோ.' (ஃப்ரீ த்ரோ என்றால் யாரும் தடுக்காமல் கூடைக்கு எறியும் வாய்ப்பு.) அவர் 'தவறு' என்று போட்டிருந்தார். பந்தைத் தன் வசம் வைத்திருக்கும் அணியின் ஆட்டக்காரரே எதிராளியை இடித்துத் தள்ளினால், அது அந்த அணியின் எத்தனையாவது ஃபவுலாக இருந்தாலும் ஃப்ரீ த்ரோ கிடையாது, எதிரணிக்கு த்ரோ-இன் மட்டும்தான். அதே விதியின் அடுத்த வரியில் இது இருக்கிறது. எறியும்போது ஃபவுல் பட்டு, பந்தும் உள்ளே போனால் ஒரே ஒரு ஃப்ரீ த்ரோதான். 'ஒவ்வொரு' என்ற சொல்லைப் பார்த்ததுமே இவையெல்லாம் அவர் நினைவுக்கு வந்துவிட்டன. திருத்தியவர் வைத்திருந்த விடை 'சரி'. பொதுவான விதியை மட்டும் கேட்க நினைத்திருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த வரியைப் படிக்காமலே எழுதியவருக்கு அந்த மதிப்பெண் கிடைத்தது.

அவருக்கு நான் என்ன சொல்வது? அடுத்த முறை விதிவிலக்கை மறந்துவிடு என்றா? தேர்வு முடிந்து களத்துக்குப் போனதும் முதலில் தேவைப்படுவது அந்த விதிவிலக்குதானே.

இதைச் சொன்னால் சிலர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். களத்தில் நடுவர் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியவர், குழப்பத்தைச் சமாளிக்கப் பழகட்டும் என்று. நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் களத்தில் நடுவருக்கு இருக்கும் குழப்பம் வேறு வகை. அங்கே சம்பவம் முழுக்கக் கண் முன்னால் நடக்கிறது. பந்து யார் கையில் இருந்தது, யார் முதலில் அந்த இடத்தைப் பிடித்தார், கால் எப்போது தரையை விட்டது, எல்லாம் தெரிகிறது. நேரம்தான் குறைவு. வினாத்தாளில் தலைகீழ். நேரம் இருக்கிறது, சம்பவம் இல்லை. பாதி சம்பவத்தைச் சொல்லிவிட்டு, மீதியைக் கேள்வி எழுதியவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று ஊகிக்கச் சொல்கிறோம். அந்தப் பழக்கம் நடுவருக்கு ஆகாது. பார்த்ததை மட்டும் ஊது, நடந்திருக்கும் என்று நினைத்து ஊதாதே என்று பயிற்சி முகாமில் நீங்கள்தான் எங்களுக்குச் சொன்னீர்கள்.

பந்தை வைத்திருக்கும் அணி 24 நொடிக்குள் கூடைக்கு எறிய வேண்டும் என்ற விதியைப் பற்றிய கேள்வியும் இப்படியே. 'எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது ஷாட் கிளாக் சைரன் ஒலித்தால் மீறல்.' அப்புறம் பந்து எங்கே போனது? கூடைக்குள் விழுந்தால் செல்லும். ரிங்கைத் தொட்டுவிட்டு வெளியே வந்தால் மீறல் இல்லை, ஆட்டம் தொடரும். ரிங்கைத் தொடாமல் போனால் மீறல். அதிலும் எதிரணி உடனடியாக, தெளிவாகப் பந்தைக் கைப்பற்றிவிட்டால் சைரனைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம். கேள்வியில் இன்னும் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் அருமையான கேள்வி.

எந்த விதிப் புத்தகம், எந்தப் பதிப்பு என்பதும் சிக்கல்தான். தம்பிகள் காலையில் போனில் பார்ப்பது அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏ. அங்கே ரிங்குக்கு மேலே, ரிங்கின் வட்டத்துக்கு நேராகப் பந்து இருக்கும்போது யாரும் அதைத் தொடக்கூடாது. நாம் ஆடும் ஃபிபா விதியில், ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது எறிந்த பந்து ரிங்கைத் தொட்டுவிட்டால் அதன் பிறகு யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம். குவார்ட்டர் முடிவுச் சைரனோ விசிலோ ஒலித்த பிறகுதான் அந்த உரிமை இல்லை. 'ரிங்குக்கு மேலிருக்கும் பந்தைத் தொட்டால் கோல்டெண்டிங்' (கூடைக்குப் போகும் பந்தை விதிக்கு மாறாகத் தொடுவது) என்று மொட்டையாகக் கேட்டால், எழுதியவர் எந்த ஊர் விதியை நினைத்து எழுதினார் என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

பதிப்பு விஷயம் இதைவிட மோசம். ஃபிபா விதிகள் இரண்டு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. பெரும்பாலும் அக்டோபர் 1 அன்று நடைமுறைக்கு வரும். 2010இல் மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரிலிருந்து 6.75க்குப் போனது. 2017இல் ஓடிக்கொண்டே பந்தைப் பிடிப்பவருக்கு டிராவலிங் விதி, அதாவது பந்தோடு எத்தனை அடி வைக்கலாம் என்பது மாறியது. இடிக்காமல், நடத்தையால் வரும் டெக்னிக்கல் ஃபவுலுக்கு ஒரு காலத்தில் 2 ஃப்ரீ த்ரோவும் பந்தும். பிறகு 1 ஃப்ரீ த்ரோவும் பந்தும். இப்போது 1 ஃப்ரீ த்ரோ போட்டுவிட்டு, ஆட்டம் எங்கே நின்றதோ அங்கிருந்து தொடர்வது. பழைய வினாத்தாளிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து அப்படியே போட்டால் இந்த மூன்றில் எது விடையாக வரும் என்று சொல்ல முடியாது. அப்படி எடுத்துப் போட்ட கேள்விகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி சுலபமாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கடினமாகவே இருக்கட்டும். உதாரணத்துக்கு ஒன்று: 'நான்காவது குவார்ட்டர். ஆட்டக் கடிகாரத்தில் 0.2 விநாடி. ஏ அணி ஒரு புள்ளி பின்தங்கியிருக்கிறது. ஏ1 எல்லைக்கோட்டுக்கு வெளியிலிருந்து த்ரோ-இன் போடுகிறார். ஏ2 எகிறி, காற்றிலேயே பந்தை இரு கைகளாலும் பிடித்து, தரையில் இறங்கும் முன் எறிகிறார். பந்து கையை விட்ட பிறகே சைரன் ஒலிக்கிறது. பந்து கூடைக்குள் விழுகிறது. உங்கள் முடிவு என்ன? காரணம் என்ன?' இதற்கு விடை ஒன்றுதான். கூடை செல்லாது. பிடித்து எறிய 0.3 விநாடியாவது கடிகாரத்தில் இருக்க வேண்டும், 0.2 அல்லது 0.1 இருந்தால் தட்டிவிட்டோ, நேராக டங்க் செய்தோ, அதாவது கையாலேயே கூடைக்குள் அழுத்தியோ போட்டால் மட்டுமே செல்லும். அரங்கமே எழுந்து நின்று கத்தும் நேரத்தில் ஏ அணி கோச் முன்னால் நின்று இதைச் சொல்லும் தைரியம் யாருக்கு வரும் என்பதை இந்தக் கேள்வி காட்டிவிடும். படிக்காதவர் நிச்சயம் விழுவார். படித்தவர் நிச்சயம் நிற்பார்.

ஃபிபாவின் விளக்கத் தொகுப்பே இந்த வடிவில்தான் இருக்கிறது. ஏ1, பி1 என்று ஆட்களை வைத்து, நடந்ததைச் சொல்லி, முடிவைச் சொல்லும். அதை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை அச்சுக்கு அனுப்பும் முன், அதை எழுதாத இரண்டு மூத்த நடுவர்களிடம் கொடுத்து விடை எழுதச் சொல்லுங்கள். இருவரும் வேறு வேறு விடை எழுதினால் அந்தக் கேள்வியைத் திருத்துங்கள், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள். விடைக்குறிப்பில் ஒவ்வொரு விடைக்கும் எதிரே விதி எண்ணைப் போடுங்கள். எண் போட முடியாத கேள்வி தாளில் இருக்க வேண்டியதில்லை. 'மீறல் அல்லாதது எது அல்ல' என்கிற மாதிரி இரட்டை எதிர்மறைகள் தயவுசெய்து வேண்டாம்.

தேர்வு முடிந்ததும் விடைக்குறிப்பை வெளியிடுங்கள். டிஎன்பிஎஸ்சியே தற்காலிக விடைக்குறிப்பை வெளியிட்டு, ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று அவகாசம் தருகிறது. லட்சக்கணக்கானவர்கள் எழுதும் தேர்வுக்கு அது முடிகிறது என்றால், ஓர் அறையில் உட்கார்ந்து எழுதும் நம் தேர்வுக்கும் முடியும். இரண்டு விடை வரும் கேள்வி என்று தெரிந்தால் எல்லோருக்கும் அந்த மதிப்பெண்ணைக் கொடுத்துவிடலாம். அதனால் யாருடைய மரியாதையும் குறையாது. ஆட்டத்தில் சில வகைத் தவறுகளை உரிய நேரத்துக்குள் திருத்திக்கொள்ள 44ஆவது விதி நடுவருக்கே இடம் கொடுக்கிறது.

ஓரிரு மதிப்பெண்ணில் தேர்வு தவறியவர் அடுத்த தேர்வு வரை காத்திருக்க வேண்டும். அதுவரை பெரிய போட்டிகளுக்குப் பெயர் வராது. பெரியகுளத்தில் கோடையில் நடக்கும் அகில இந்தியப் போட்டியில் ஒரு நாளாவது விசில் பிடிக்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் எங்கள் பக்கம் நிறைய. பள்ளி வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் இடையில் ராத்திரி உட்கார்ந்து படிக்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள், விடுப்பு வாங்கி, சொந்தக் காசில் பஸ் ஏறி வந்து எழுதுகிறார்கள். விதி தெரியாமல் தோற்றால் அவர்களே ஒப்புக்கொண்டு திரும்பவும் படிப்பார்கள். விதி தெரிந்தும் தோற்றவர்களில் சிலர் மறுபடி வருவதே இல்லை. அவர்களை இழப்பது நம் ஆட்டத்துக்குத்தான் நஷ்டம்.

எங்களிடம் படித்தவர்கள் நினைவிலிருந்து சொன்ன குழப்பமான கேள்விகளை, ஒவ்வொன்றுக்கும் உரிய விதி எண்ணோடும் திருத்திய வடிவத்தோடும் தொகுத்து வைத்திருக்கிறேன். உங்களில் யார் கேட்டாலும் அனுப்புகிறேன், நேரில் வந்து உட்கார்ந்து பேசவும் தயார். மற்றதெல்லாம் மெதுவாக நடக்கட்டும். வரப்போகும் தேர்வின் அறிவிப்பில் 'ஃபிபா விதிகள், இந்த ஆண்டுப் பதிப்பு' என்ற ஒரு வரியை மட்டும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

அன்புடன்,
தென்மாவட்டத்திலிருந்து ஒரு கூடைப்பந்து நடுவர்