கரிப் பை இந்த முறை ஏன் ஈரமாக வருகிறது?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

போன கிழமை மண்ணில் கலக்கும் உயிர்க்கரி வாங்கிய பலர், "பை ஈரமாகக் கிடக்கிறதே, மழையில் நனைந்துவிட்டதா?" என்று கேட்டீர்கள். நனையவில்லை, நாங்களே ஊறவைத்துத்தான் கட்டுகிறோம். அதற்குக் காரணம் எங்கள் பிழை ஒன்று.

சென்ற வருடம் கரியைக் காய்ந்தபடியே விற்றோம். மூன்று கிழமை கழித்து, வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா தன் மிளகாய்ச் செடியைச் சாடியோடு முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். கீழ் இலைகள் எல்லாம் மஞ்சள், நுனி மட்டும் பச்சை. "பசளை போதாமல் போச்சா, தம்பி?" என்றார். அவர் ஒழுங்காகத்தான் போட்டிருந்தார். நாங்கள் கொடுத்த கரிதான் அதை இழுத்துக்கொண்டது. மாட்டெருக் கரைசல் ஊற்றி ஊற்றித்தான் செடியை மீட்டோம்.

மரத்தையோ உமியையோ காற்றுப் படாமல் 400, 500 பாகையில் கருக்கினால் கிடைப்பது இந்தக் கரி. மரக்கரித் துண்டு ஒன்றை உடைத்து வெளிச்சத்தில் பாருங்கள், நீர் ஏறிய குழாய்கள் அப்படியே துளைகளாக நிற்கும். தண்ணீரில் போட்டால் மிதந்தபடி சின்னச் சின்னக் குமிழி விடும். அந்தத் துளைகளில்தான் நீரும் சத்தும் தங்குகின்றன. ஆனால் வெறும் வயிற்றோடு மண்ணுக்குள் போகும் கரி முதலில் தன் பசியைத்தான் பார்க்கும், செடிக்குப் போட்ட சத்தை இழுத்துக்கொள்ளும். அதனால்தான் இப்போது முன்கூட்டியே சத்தோடு ஊறவைத்துத் தருகிறோம். அமேசன் பழங்குடி மக்கள் உண்டாக்கிய கறுப்பு மண் ஆயிரம் ஆண்டு தாண்டியும் வளமாக இருக்கிறது என்றால், அதில் கரியோடு எலும்பும் சமையல் கழிவும் சேர்ந்திருக்கின்றன.

கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. போட்ட பசளை சாடியின் அடித்துளை வழியே போய்விடுகிறது. இங்குள்ள சிவந்த கபுக் (செம்புரை) மண்ணோ அமிலத்தன்மை உள்ளது. இந்த இரண்டுக்கும் கரி நன்றாக உதவும். 2017இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்று, வெப்பமண்டல நாடுகளில் விளைச்சல் சராசரியாக 25 வீதம் கூடியதையும், மிதவெப்ப நாடுகளில் அந்த நன்மை கிடைக்காததையும் காட்டியது. யாழ்ப்பாணத் தோட்டத்துக்கு அனுப்புகிறவர்கள் மட்டும் முதலில் ஒரு சின்னப் பாத்தியில் போட்டுப் பாருங்கள். சுண்ணக்கல் மேல் கிடக்கும் அந்த மண்ணுக்கு அமிலம் தணிய வேண்டிய தேவை இல்லை.

சாடிக் கலவையில் பத்துக்கு ஒரு பங்கு போதும். கரி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும், அதனால் ஒவ்வொரு போகத்துக்கும் எங்களிடம் வாங்கவேண்டியதில்லை. பசளையும் கூட்டெருவும் வழக்கம்போலத் தொடரட்டும், கரி அவற்றுக்கு மாற்று இல்லை.

ஈரத்துக்குக் காசு வாங்கக்கூடாது என்பதால் இனிக் கிலோவில் விற்கமாட்டோம், லீற்றர் கணக்கில்தான்.

பழைய காய்ந்த பை வீட்டில் மீதம் இருந்தால், ஒரு வாளிக் கரிக்கு ஒரு வாளிக் கூட்டெரு சேர்த்து, தண்ணீர் தெளித்து, சாக்கால் மூடி மூன்று கிழமை விடுங்கள். தூள் பறக்கும், நனைத்துவிட்டே கிளறுங்கள். இதற்கெல்லாம் இடமில்லாத மாடிவீட்டுக்காரர்கள் பையைக் கடைக்குக் கொண்டு வாருங்கள், ஊறிய கரியாக மாற்றித் தருகிறோம். பை திறந்திருந்தாலும் பரவாயில்லை.

அன்புடன்,
கடைக்காரர்கள்