விடுதியாகும் செட்டிநாட்டு வீடுகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த வீடுகள் விடுதிகளாவது நல்லதுதான். ஆனால் முதல் போடுகிறவர்கள் அறைகளை எண்ணுகிறார்கள். முதலில் எண்ண வேண்டியது பங்காளிகளை. எல்லாருடைய கையெழுத்தும் வாங்கி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையென்றால் பத்திரப்பதிவும் முடித்த பிறகே கொத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

அதிகம் கெடுவது சுவர்தான். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாக உதிரும். பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பழுதைச் சுண்ணாம்பாலேயே பார்க்க வேண்டும், ஒவ்வொரு பூச்சும் காய நாள் கொடுத்து. மாடியில் தேக்கு உத்தரத்துக்கு மேலே குளியலறை கட்டவே கூடாது; கசிவு தெரியவரும்போது மரம் உளுத்திருக்கும். பின்கட்டுதான் அதற்கு இடம்.

தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் என்பது சிமென்ட், மணல், வண்ணப்பொடி சேர்த்துக் கண்ணாடிமேல் வார்ப்பது. ஆசிட் பட்டால் மேல்பரப்பு அரித்துப் பூ வெளுத்துவிடும். தண்ணீர் துடைப்பும், எப்போதாவது கொஞ்சம் தேங்காயெண்ணெயும் போதும்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை விடுதியில் விற்பவர்கள், நெசவாளருக்கு ரொக்கம் கொடுத்து வாங்கலாமே.

மார்கழி, தை மாதக் கூட்டத்தை வைத்து ஆண்டு வரவைக் கணக்கிடுவது பெருந்தவறு. சித்திரை வெயிலில் அறைகள் காலியாகவே கிடக்கும். சம்பளமும் மின்கட்டணமும் நிற்காது. ஐந்தொகை என்னும் சொத்து, கடன் கணக்கைப் போட்டுப் பழகிய ஊருக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி