கீழ்வீட்டு இசைத்தட்டு

ஜெர்சி சிட்டி,
ஞாயிறு இரவு

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே பனி கொட்டுகிறது. காலையில் வாசலை வாரித் தள்ளிவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்ப முடிகிறது. நியூவார்க் அவென்யூ கடைகளில் புளி முதல் முருங்கைக்காய் வரை கிடைப்பதால் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

நேற்று கீழ்வீட்டுப் பெரியவர் ஒரு பழைய இசைத்தட்டு போட்டார். படியிறங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் ஒரே மூச்சில் வெட்டி வெட்டி வருகின்றன. மாப்பிள்ளை அழைப்பு தேரடி திரும்பும்போது நீங்கள் ட்ரம்பெட்டைத் தூக்கிப் பிடித்து ஊதுவீர்களே, அதே வேகம்!

'கூல் அண்ட் த கேங்' என்ற இசைக்குழுவாம். 1964இல் இதே ஊர்ப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அண்ணன் ராபர்ட் பெல் பேஸ் கிடார், தம்பி ரொனால்ட் சாக்ஸபோன். சின்ன வயதில் டிரம்ஸ் வாங்க வழியில்லாமல் பழைய பெயிண்ட் டப்பாக்களைத் தட்டியிருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு பெயிண்ட் மிச்சமோ அதற்கேற்ப நாதம் மாறுமாம். நாம் டால்டா டின் தட்டி அடி வாங்கியது ஞாபகம் வந்தது.

முதலில் ஜாஸ்தான் வாசித்தார்கள். அப்புறம் சோல், ஃபங்க் என்று வேறு இசை வகைகளுக்கும் வளர்ந்தார்கள். ஆனாலும் நாடு முழுக்கப் பேர் பரவவில்லை. 1973இல் ரெக்கார்டு கம்பெனி, அப்போது ஓடிக்கொண்டிருந்த கேமரூன் நாட்டுக் கலைஞர் மனு திபாங்கோவின் 'சோல் மகோசா' பாட்டை வாசிக்கச் சொன்னது. இவர்களோ ஒத்திகை அறைக்குள் போய்ச் சொந்தமாகவே பாட்டு கட்டினார்கள். அப்படி வந்ததுதான் 'வைல்ட் அண்ட் பீஸ்ஃபுல்' ஆல்பம். அதிலிருந்த 'ஜங்கிள் பூகி' அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் 4ஆம் இடம் வரை ஏறியது. அதில் உறுமுகிற குரல் பாடகருடையது அல்ல, குழுவின் சாமான்களைப் பார்த்துக்கொண்ட உதவியாளருடையது! அதே ஆல்பத்தின் 'ஹாலிவுட் ஸ்விங்கிங்' பாட்டு, இவர்கள் கச்சேரியைப் பார்த்துவிட்டுத் தானும் பியானோ வாசிக்க ஆசைப்பட்ட ஒருவனின் கதை.

கடைசியில் ஆல்பத்தின் பெயரிலேயே ஒரு நீண்ட பாட்டு. ஆட்டமெல்லாம் ஓய்ந்து, பழைய ஜாஸ் திரும்பி வருகிறது. எனக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது. 1980இல் வந்த 'செலிப்ரேஷன்' அடுத்த வருஷம் முதலிடத்துக்கே போனது, அது வழவழப்பான வேறு பாட்டு. என் மனசு 1973இல்தான் நிற்கிறது.

அண்ணா, ஊர்வலத்தில் எல்லோரும் சினிமாப் பாட்டுதான் கேட்கிறார்கள் என்று வருத்தப்பட்டீர்கள். ராத்திரி மாடியில் நீங்களாகக் கட்டி ஊதுவீர்களே ஒரு மெட்டு, அதை ஒரு கல்யாணத்திலாவது முழுசாக வாசியுங்கள். முடிந்தால் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பெரியவருக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

வால்வு ஒட்டிக்கொள்கிறது என்றீர்களே, அதற்கான எண்ணெய் இரண்டு புட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சித்திரையில் வரும்போது கொண்டு வருகிறேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புத் தம்பி