மொய் நோட்டும் பிளாக்செயினும்: நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கொஞ்சம் பிட்காயின் வைத்திருக்கும் சாதாரண ஆள் நான். லாபத்துக்கு 30 சதவீத வரி கட்டுகிறேன். விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிக்கிறார்கள். பான், ஆதார், செல்ஃபி எல்லாம் கிரிப்டோ வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சிடம் கொடுத்தாயிற்று. அரசுக்குத் தெரிய வேண்டியது தெரிகிறது, அதில் எனக்குப் புகார் இல்லை. ஊருக்கே தெரிவதுதான் என் கவலை.

போன வருடம் அக்கா மகன் பிட்காயின் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டான். அவன் வாலட்டுக்கு ஆயிரம் ரூபாய் பெறுமானம் அனுப்பினேன். அன்று சாயங்காலமே போன். "மாமா, நீங்க அனுப்பினதுல மீதி எங்கே போச்சுன்னு பார்த்தேன். இவ்வளவு வெச்சிருக்கீங்களா!" விளையாட்டாகத்தான் கேட்டான். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவன் எதையும் திருடவில்லை. பிட்காயினில் செலவழிப்பது பெரிய நோட்டை நீட்டிச் சில்லறை வாங்குவது போல. மீதி நம்முடைய இன்னொரு முகவரிக்கே திரும்பி வரும். எந்த நோட்டை உடைத்தோம், மீதி எவ்வளவு என்பதெல்லாம் பிளாக்செயின் என்ற பொதுப் பேரேட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும். இரண்டு முகவரிக் காசைச் சேர்த்து ஒரே தடவையில் அனுப்பினால், இரண்டும் ஒருவருடையவை என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பேர் மட்டும்தான் இருக்காது. ஒரு முகவரிக்கு உரியவர் யாரென்று தெரிந்துவிட்டால் பழைய கணக்கும் பின்னாலேயே வந்துவிடும். அழிக்கவும் வழியில்லை.

நம் ஊர்க் கல்யாணத்தில் மொய் நோட்டில் பேரும் தொகையும் எழுதுவோம், சில ஊர்களில் மைக்கில் வாசிக்கவும் செய்வோம். ஆனால் மொய் வைத்தவர் வீட்டுப் பீரோவில் மீதி எவ்வளவு என்று யாரும் எழுதியதில்லை.

2023 மார்ச் 7 அறிவிக்கைக்குப் பிறகு கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தன. திருட்டுப் பணத்தைத் துரத்த அது தேவைதான். ஆனால் பிளாக்செயினில் இல்லாத பேர் இப்போது எக்ஸ்சேஞ்சின் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பு கசிந்தால் என்ன ஆகும்? 2020இல், கிரிப்டோ வாலட் கருவி விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் வெளியே வந்தது. சுமார் 2,70,000 பேரின் பெயர், வீட்டு முகவரி, போன் எண். அதைப் பிடித்துக்கொண்டு மிரட்டல்கள் வந்தன. பணம் இருப்பது தெரிந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பிரான்சைப் பாருங்கள். அந்நிறுவனத்தின் இணை நிறுவனர் டேவிட் பல்லானை 2025 ஜனவரியில் கடத்திப்போய் விரலை வெட்டினார்கள்.

இந்தப் பயத்தில்தான் பலர், பல பேர் காசைக் கலந்து தடத்தை மறைக்கும் மிக்சரையும், பரிவர்த்தனை விவரத்தை மறைக்கும் மொனேரோ, ஸீகேஷ் போன்ற நாணயங்களையும் நாடுகிறார்கள். திருடர்களும் நாடுகிறார்கள், மறுக்கவில்லை. வட கொரியாவின் லாசரஸ் ஹேக்கர் கும்பல் டொர்னாடோ கேஷ் என்ற மிக்சர் வழியாக 45 கோடி டாலருக்கு மேல் திருட்டுப் பணத்தைக் கழுவியதாகச் சொல்லித்தான் 2022 ஆகஸ்டில் அமெரிக்கா அதைத் தடை செய்தது. அதே டொர்னாடோவில்தான் எத்தீரியம் என்ற கிரிப்டோ வலையமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் பியூட்டரின் உக்ரைனுக்கு நன்கொடை அனுப்பினார், பெற்றவர்களைக் காப்பதற்காக. 2024 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை வரம்பு மீறியது என்றது, 2025 மார்ச்சில் அரசே நீக்கியது.

மிக்சர் பயன்பாட்டைச் சந்தேகக் குறியாக 2020இல் பட்டியலிட்ட, பணமோசடித் தடுப்புக்கு விதி வகுக்கும் சர்வதேச அமைப்பான எஃப்.ஏ.டி.எஃப்பும், ஒரு குறி இருப்பதாலேயே ஆளைச் சந்தேகிக்க முடியாது என்றுதான் அந்த அறிக்கையில் எழுதியிருக்கிறது. நடைமுறையில் இந்த வரி காணாமல் போகக் கூடாது.

அதனால் கேட்கிறேன். மிக்சர் வழியாக வந்த காசு என்பதற்காக மட்டும் கணக்கை முடக்காமல், முதலில் விளக்கம் கேட்கச் சொல்லி எக்ஸ்சேஞ்சுகளுக்கு எழுதுங்கள். ஸீகேஷில் 'வியூயிங் கீ' என்று ஒன்று உண்டு. அதை நாம் யாரிடம் கொடுக்கிறோமோ அவர் நம் கணக்கைப் பார்க்கலாம், காசைத் தொட முடியாது. அதைச் சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். அதிகாரி பார்க்கட்டும், பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வேண்டாம். அப்புறம், ஆதார் நகலையும் வாலட் முகவரியையும் ஒரே இடத்தில் வைக்க விடாதீர்கள். சட்டம் ஐந்து வருடம் வைக்கச் சொல்கிறது, சரி. ஆறாவது வருடம் அழித்ததற்குச் சான்று கேளுங்கள். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னது பணத்துக்கும் சேர்த்துத்தான் என்று நம்புகிறேன்.

ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதுச் சாவி, அதாவது புது முகவரி, எடுக்கச் சொல்லி பிட்காயினை உருவாக்கிய சதோஷி நகமோட்டோ 2008லேயே எழுதிவைத்தார். அக்கா மகனுக்கு இப்போது அதைத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "ஏன் இத்தனை முகவரி?" என்று நாளைக்கு அவனை எக்ஸ்சேஞ்ச் கேட்டால், "பாதுகாப்புக்காக" என்ற பதில் போதுமா? உங்களிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வேண்டும்.

இப்படிக்கு,
வரி கட்டும் ஒரு பயனாளர்
ஈரோடு