நூறு காட்டும் பேட்டரி

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததைக் கேட்டு அம்மா, "அந்தக் குட்டிப் பெண்ணா!" என்று இரண்டு முறை கேட்டார். எங்கள் வாழ்த்தை அவளிடம் சொல்.

அவளுக்குக் கொடுத்த பழைய லேப்டாப்பில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பிறகு சார்ஜ் ஒன்றரை மணி நேரம்கூட நிற்பதில்லை, லினக்ஸ்தான் பேட்டரியைத் தின்கிறது என்று எழுதியிருந்தாய். அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வராதே. திரை மூலையில் 100 என்று காட்டுகிறதே, அது குடம் நிரம்பிவிட்டதை மட்டும்தான் சொல்கிறது. குடமே சிறுத்துப்போயிருந்தால் அதைச் சொல்லாது.

சிறுத்துவிட்டதா என்று பார்க்க எதையும் புதிதாக நிறுவ வேண்டாம். பேட்டரி தன்னைப் பற்றிச் சொல்வதையெல்லாம் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் சாதாரண ஃபைல்களாகத் திறந்து வைத்திருக்கிறது. லினக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. சிஸ் ஃபோல்டருக்குள் கிளாஸ், அதற்குள் பவர் சப்ளை, அதற்குள் பெரும்பாலும் பேட்-0 என்று இருக்கும். அங்கே 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்பது பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட அளவு. 'எனர்ஜி ஃபுல்' என்பது இன்று கொள்ளும் அளவு. சில லேப்டாப்களில் எனர்ஜிக்குப் பதில் சார்ஜ் என்று பெயர் தொடங்கும். என்னுடையதில் முதலாவது 4,80,00,000, இரண்டாவது 3,16,80,000. மைக்ரோவாட்-மணிக் கணக்கு அது, பத்து லட்சம் சேர்ந்தால் ஒரு வாட்-மணி. அதாவது 48 வாட்-மணி கொண்டது 32-க்கும் கீழே இறங்கிவிட்டது. பேட்டரி விவரம் காட்டும் யுபவர் கட்டளை இதையே 'கெப்பாசிட்டி' 66 சதவீதம் என்று காட்டியது. ஃபோல்டருக்குள் அதே பெயரில் இருக்கும் ஃபைல் வேறு, அது இப்போதைய சார்ஜ் அளவு. இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஒரு வாரம் குழம்பினேன், நீ குழம்பாதே.

பேட்டரி எத்தனை முறை முழுதாக இறங்கி ஏறியது என்ற சுழற்சி எண்ணிக்கை 0 என்று காட்டினால் நம்பாதே. பல லேப்டாப்கள் அந்தக் கணக்கைக் கொடுப்பதே இல்லை. 'எனர்ஜி ஃபுல்'கூடப் பேட்டரிக்குள் இருக்கும் சிப் போடும் மதிப்பீடுதான். எப்போதும் மின்சாரத்திலேயே கிடக்கும் லேப்டாப்பில் அது பிசகும். ஒருமுறை நன்றாக இறங்கவிட்டு முழுதாக ஏற்றிய பிறகு படித்துப் பார்.

என் பேட்டரியைக் கெடுத்தது நான்தான் என்று இப்போது தெரிகிறது. நான்கு ஆண்டுகள் இரவும் பகலும் சார்ஜரை மாட்டியே வைத்திருந்தேன். லித்தியம் பேட்டரி முழுச் சார்ஜிலும் சூட்டிலும் கிடந்தால் சீக்கிரம் மூப்படைகிறது. உன் லேப்டாப் இடம் கொடுத்தால் 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடு. டிஎல்பி என்ற மென்பொருளில் இந்த வரம்பை ஒருமுறை எழுதி வைத்தால், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அதுவே பார்த்துக்கொள்ளும். இழந்தது திரும்பாது, ஆனால் மிச்சம் நெடுநாள் வரும்.

ஒன்றை மட்டும் இன்றே பார்த்துவிடு. டச்பேட் மேலே எழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் புடைத்திருந்தாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று பொருள். சார்ஜ் போடாமல் அணைத்து, கழற்றத் தெரிந்தவரிடம் கொடு. அதை அவள் மடியில் வைத்துப் படிக்கிறாள்.

அந்த இரண்டு எண்களையும் எழுதி அனுப்பு. புதுப் பேட்டரி வாங்க வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்