பல் டாக்டரிடமிருந்து தொடங்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லாருக்கும்,

போன மாதம் எனக்குக் கடைசி மனநலச் சிகிச்சை அமர்வு முடிந்தது. இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் "சைட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு நான் போனது அங்கேதான். ஆபீஸ்காரர்கள் மன்னிக்கவும். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. வாயைத் திறந்தால் தொண்டை அடைக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

முதல் நன்றி பல் டாக்டருக்கு. கடைவாய்ப் பல் விரிசல் விட்டு அவரிடம் போனேன். சோற்றில் கல் இருந்திருக்கும் என்று அரிசி மேல் பழி போட்டேன். அவர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். எல்லாப் பல்லும் தட்டையாகத் தேய்ந்திருந்தன. ராத்திரியில் பல்லை நெரிக்கிறேனாம், பல வருஷப் பழக்கமாம். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "தூக்கத்துல யாரோட சண்டை போடுறீங்க?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்டதுதான். சிங்கப்பூரில் என் வீடு இருக்கும் யீஷூன் வந்து சேரும்வரை ரயிலில் கண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

என்னை வெளியிலிருந்து மட்டும் தெரிந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. வயது 42, கட்டமைப்புப் பொறியாளர், கீழே இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். கொடுத்த தேதிக்கு முந்தின நாளே வேலையை முடிப்பவள். விடிகாலை மூன்று மணிக்கு மின்னஞ்சலுக்குப் பதில் போடுபவள். கல்யாண வீடுகளில் என்னைக் காட்டி, "அக்காவைப் பார்த்துக் கத்துக்கோ" என்று பிள்ளைகளிடம் சொல்வீர்கள். தயவுசெய்து இனிமேல் சொல்லாதீர்கள்.

அந்தப் பல் விஷயம் நடந்த சில வாரத்தில், ஒரு பெரிய கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒருவர் சாவிக்கொத்தை மேசைமேல் போட்டார். சளக். அவ்வளவுதான். அடுத்த வார்த்தை வரவில்லை, விரல்கள் மரத்துப்போயின. கழிவறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். துப்புரவு ஆன்ட்டி எட்டிப் பார்த்தார். அவருக்குச் சீனமும் கொஞ்சம் மலாயும்தான் தெரியும், எனக்கு மலாய் அரைகுறை. ஒன்றும் கேட்கவில்லை. 'தரை ஈரம்' என்று எழுதிய மஞ்சள் பலகையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, யாரும் உள்ளே வராமல் இருபது நிமிஷம் காவல் நின்றார். ஆன்ட்டி, இந்தக் கடிதத்தை உங்களுக்கு யாராவது மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும். அந்த மஞ்சள் பலகையை நான் மறக்க மாட்டேன்.

அடுத்து பலதுறை மருந்தகத்து இளம் டாக்டர். நான் தூக்க மாத்திரைதான் கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்தி, "சின்ன வயசுல வீட்ல எப்படி இருந்துச்சு?" என்றார். வெளியே அத்தனை பேர் வரிசையில் காத்திருந்தார்கள். அந்த ஒரு கேள்விக்கு அவர் நேரம் ஒதுக்கினார்.

நடுவில் ஓர் ஆலோசகரிடமும் போனேன். "இவ்வளவு சாதிச்சிருக்கீங்க, உங்களுக்கு என்ன குறை?" என்றார். அவருக்கு நன்றி இல்லை.

இப்போது என் சிகிச்சையாளருக்கு. பேர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை.

முதல் இரண்டு அமர்விலும் என் கதையை ஆங்கிலத்தில் சொன்னேன், அறிக்கை வாசிக்கிற மாதிரி. அப்பா கப்பல் பட்டறையில் வேலை, குடிப்பார், அம்மாவை அடிப்பார், நான் நன்றாகப் படித்தேன், அப்பா 2011இல் போய்விட்டார், முற்றும். நீங்கள் கேட்டுவிட்டு, "இதையே தமிழ்ல சொல்லுங்களேன்" என்றீர்கள். வாயைத் திறந்தேன், சொல் வரவில்லை. ஆங்கிலத்தில் எனக்கு நாற்பது வயது. தமிழில் ஒன்பதுதான்.

அந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அங் மோ கியோ வீட்டின் இரும்புக் கதவுதான் கடிகாரம். அப்பா வந்து வெளியே நின்று பூட்டைத் திறப்பார். சாவி துவாரத்தில் விழ எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணுவேன். ஐந்துக்குள் திறந்தால் சோறு சாப்பிடலாம். பதினைந்தைத் தாண்டினால் தம்பியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட வேண்டும். முப்பது வருஷம் கழித்து ஒரு கூட்டத்தில் விழுந்த சாவிக்கொத்தைக் கேட்டு என் உடம்பு எண்ண ஆரம்பித்துவிட்டது. மூளையில் அபாய மணி அடிக்கிற அமிக்டலா என்ற சின்னப் பகுதிக்கு ஆபத்து அன்றோடு முடிந்துபோனது தெரியாது என்று விளக்கினீர்கள். கேட்க எவ்வளவு எளிது!

பிறகு ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டீர்கள்: "அப்பா சந்தோஷமா வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ரிப்போர்ட் புக் குடுக்குற நாள்."

நீங்கள் எதுவும் பேசவில்லை. ஏர்கான் சத்தம் மட்டும். நானே கேட்டுக்கொண்டேன். அப்படியானால் நான் படித்தது படிப்பு மேல் ஆசையிலா, அல்லது வருஷத்தில் இரண்டு ராத்திரியாவது வீடு அமைதியாக இருக்கட்டும் என்றா? முதல் மார்க் என்பது எனக்குக் கூரை. அதைத்தான் எல்லாரும் திறமை என்று கைதட்டினீர்கள். கைதட்டுகிற நோயை யார்தான் டாக்டரிடம் கொண்டுபோவார்கள்?

1998இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் பற்றியும் சொன்னீர்கள். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் அவர்களுடைய பிள்ளைப்பருவம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். வீட்டில் குடி, அம்மா அடிவாங்குவது என்று ஏழு வகைத் துன்பம். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குப் பிற்காலத்தில் குடிப்பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து நான்கிலிருந்து பன்னிரண்டு மடங்குவரை அதிகமாக இருந்ததாம். நான் விரல் விட்டு எண்ணினேன். பொறியாளர் அல்லவா, எண் வந்தால்தான் நம்புவேன்.

சிகிச்சை என்றால் சாய்வு நாற்காலியில் படுத்து அழுவது என்று நினைத்திருந்தேன். அந்த முதல் அமர்வுகளுக்குப் பிறகு பல வாரங்கள் நீங்கள் அந்தக் கதவுச் சத்தத்துக்குள் என்னை இறங்கவே விடவில்லை. பாதம் தரையில் படுவதை உணர்வது, மூச்சை மெதுவாக விடுவது, இவைதான் பாடம். எனக்கு எரிச்சல். எப்போது 'உண்மையான வேலை' தொடங்கும் என்று கேட்டேன். இதுதான் அது என்றீர்கள். அதற்குப் பிறகுதான் இஎம்டிஆர், கண்ணை அசைத்துக்கொண்டே பழைய அதிர்ச்சி நினைவைத் தணிக்கும் சிகிச்சை. நீங்கள் இரண்டு விரலை இடமும் வலமும் ஆட்ட, அந்தக் கதவுச் சத்தத்தை மனதில் வைத்துக்கொண்டே என் கண் விரலின் பின்னால் ஓடும். மந்திரவாதம் மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். உலகச் சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்த முறை என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். நினைவு அழியவில்லை. பூட்டுச் சத்தம் இன்னும் கேட்கிறது, ஆனால் இப்போது அது அங் மோ கியோவில் கேட்கிறது, என் நெஞ்சுக்குள் இல்லை.

வீட்டுக்காரருக்கு: ஓர் அமர்வுக்கு 200 வெள்ளிக்கு மேல். எல்லாராலும் முடியாது என்று தெரியும். நீங்கள் ஒரு தடவைகூடக் கணக்குக் கேட்கவில்லை. "உட்பிரிட்ஜுக்கா போற?" என்று மனநல மருத்துவமனையின் பழைய பேரைச் சொல்லி ஒரு உறவினர் சிரித்தபோது, "பல்லு வலின்னா பல் டாக்டர், இதுக்கு இவங்க" என்று சொன்னீர்களே, அது போதும்.

தம்பிக்கு எழுதும் பகுதியை நான்கு தடவை கிழித்தேன். ஒரே வீடு, ஒரே கதவு. நான் படிப்புக்குள் ஒளிந்துகொண்டேன், நீ வீட்டுக்கே வராமல் புளோக்குக்குக் கீழே ஒளிந்துகொண்டாய். உயர்நிலை மூன்றோடு நின்றாய். என்னைத் தூக்கிவைத்தார்கள், உன்னைத் தறுதலை என்றார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். நமக்கு வந்தது ஒரே நோய்தான்டா. என்னுடையதற்குக் கேடயம் கொடுத்தார்கள். மன்னித்துவிடு. நீயும் இப்போது குடும்பச் சேவை நிலையத்துக்குப் போக ஆரம்பித்திருப்பது எனக்கு எந்தப் பதவி உயர்வையும்விடப் பெரிது.

கடைசியாக அம்மா. சிகிச்சையின் முடிவில் ஒரு பயிற்சிக்காக, கீழ்க்கடையில் ஆறு வெள்ளிக்கு ஒரு பித்தளைப் பூட்டு வாங்கினேன். தினமும் பத்து தடவை திறந்து மூட வேண்டும். அம்மா வந்திருந்தபோது அது சாப்பாட்டு மேசையில் கிடந்தது. எடுத்துத் திறந்து பார்த்தார். "இறுக்கமா இருக்குடி" என்று சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, துவாரத்தில் ஒரு சொட்டு விட்டார்.

"எங்கம்மா கத்துக்கிட்டீங்க இத?"

"அங் மோ கியோ வீட்ல. வாரா வாரம் விடுவேன். ஈசியாத் திறந்தா அந்த மனுசனுக்குக் கோவம் கொறச்சலா வரும்."

அன்று ராத்திரி நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பூட்டு இப்போது வழுக்கிக்கொண்டு திறக்கிறது.

யாருக்காவது இது உங்கள் வீட்டுக் கதை மாதிரி இருந்தால், ராத்திரி மூன்று மணிக்கும் சிங்கப்பூரின் மனநல உதவி எண் 1771க்கு அழைக்கலாம், ஆள் இருப்பார்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் 1767. மற்றவர்கள் தீபாவளிக்கு வீட்டுக்கு வாருங்கள். இந்த வருஷம் ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன், உண்மையாகவே. முறுக்கு தம்பி சுடுகிறான். என் பல் தாங்காது, நீங்கள்தான் தின்ன வேண்டும்.

அன்புடன்,
யீஷூன் அக்கா